மிசோரம் தனிநாடு கேட்ட இருபது ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிவினை என்று பேச்செடுத்தால் காஷ்மீர், காலிஸ்தான், நாகாலாந்து என்று வரிசையாக வந்துவிடும். மிசோரத்தை யாரும் சொல்வதில்லை. முடிந்துபோன சண்டைக்கு மவுசு கிடையாது போலும். ஆனால் இந்தியாவில் ஆயுதம் ஏந்தித் தனிநாடு கேட்ட இயக்கம் ஒன்று, ஒப்பந்தம் போட்டு, தேர்தலில் நின்று, ஆட்சியைப் பிடித்து, பிறகு இன்னொரு தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போன கதை அங்கேதான் நடந்தது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

மிசோரமா? அங்கே எப்போது தனிநாடு கேட்டார்கள்?

1961 அக்டோபரில் மிசோ தேசிய முன்னணி தொடங்கப்பட்டது. 1966 மார்ச் 1 அன்று அது சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1986 ஜூன் 30 அன்று டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு கோரிக்கை கைவிடப்பட்டது. அப்போது மிசோரம் என்ற மாநிலம் கிடையாது. அசாமின் ஒரு மலை மாவட்டம், அவ்வளவுதான். 1961 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே இரண்டரை லட்சத்துச் சொச்சம். சென்னையில் இரண்டு மூன்று பேட்டைகளின் கூட்டம்.

மூங்கில் பூத்ததால் கலகம் வந்தது என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்று நம் ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். மிசோரத்தில் அது அப்படியே நடக்கும். அந்த மலைகளை மூடிக் கிடக்கும் ஒரு மூங்கில் இனம் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை மூங்கில் தருவது அரிசி மாதிரிச் சிறு மணி. அங்கே காய்ப்பதோ பேரிக்காய் அளவுள்ள சதைப்பற்றான காய். அது தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். எலிகளுக்குக் கொண்டாட்டம். தின்று தின்று பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனை எலியும் வயலில் இறங்கும். சாயங்காலம் விளைந்து நின்ற நெல் விடிந்து பார்த்தால் வெறும் தாள்.

மிசோக்கள் இதை ‘மௌதாம்’ என்பார்கள். மௌ என்றால் மூங்கில். 1911-12இல் ஒரு மௌதாம் வந்தது. அதை நேரில் கண்ட கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள், கணக்கும் தெரிந்திருந்தது. அதனால் 1958இலேயே மிசோ மாவட்ட கவுன்சில் தீர்மானம் போட்டு, பஞ்சம் வரப்போகிறது, முன்னேற்பாட்டுக்கு 15 லட்ச ரூபாய் தாருங்கள் என்று அசாம் அரசிடம் கேட்டது. மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பது மலைவாசிகளின் நம்பிக்கை, அறிவியல் அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள்.

1959இல் மூங்கில் பூத்தது. சமவெளியிலிருந்து மாவட்டத் தலைநகரான அய்சாலுக்கு இருந்தது ஒரே ஒரு மோசமான சாலை. அதைத் தாண்டினால் அரிசி மூட்டையைத் தலையிலும் முதுகிலும் சுமந்துதான் ஊருக்கு ஊர் கொண்டுபோக வேண்டும். உதவி வந்தது, ஆனால் தாமதமாகவும் போதாமலும் வந்தது. என் பார்வையில் அடுத்த இருபது ஆண்டுச் சண்டைக்கான வித்து அந்தப் பதினைந்து லட்சத்தில் இருக்கிறது.

பஞ்ச நிவாரணம் செய்தவர்கள் எப்படித் துப்பாக்கி எடுத்தார்கள்?

அரசு வராத இடத்துக்கு இளைஞர்கள் போனார்கள். 1960இல் ‘மிசோ தேசியப் பஞ்ச முன்னணி’ என்ற அமைப்பு உருவானது. ஊர் ஊராக அரிசி சுமந்தார்கள். எந்த ஊரில் யார் தலைக்கட்டு, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பஞ்சம் தணிந்ததும் பெயரில் இருந்த ‘பஞ்சம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்தார்கள். ஆட்கள், வலைப்பின்னல், நம்பிக்கை எல்லாம் அப்படியே மிசோ தேசிய முன்னணியாக மாறியது. தலைவர் லால்டெங்கா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு மாவட்ட கவுன்சிலில் கணக்கெழுதிக் கொண்டிருந்தவர். பேச்சில் ஆளைக் கட்டிப்போடக் கூடியவர்.

இதே நேரத்தில், 1960இல், அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கி அசாம் அரசு சட்டம் போட்டது. பசியோடு இருப்பவனிடம் ‘இனி என் மொழியில் மனு கொடு’ என்றால் எப்படி இருக்கும்? இந்தி எதிர்ப்பைப் பார்த்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். 1947இல் இந்தியாவோடு சேரும்போதே, பத்து ஆண்டு கழித்து விரும்பினால் விலகலாம் என்றொரு பேச்சும் அங்கே உலவியது. அதையும் தூசி தட்டி எடுத்தார்கள். 1965 அக்டோபரில் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியிடம் மனு கொடுத்தார்கள். சில மாதங்களில் அவர் தாஷ்கண்டில் இறந்துபோனார்.

இது மதப் பிரிவினையா, அரசியல் பிரிவினையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ‘மிஷனரிகள் கிளப்பிவிட்டது’ என்று ஒரு தரப்பு முடித்துவிடும். ‘மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே சரியில்லை.

1894 ஜனவரியில் லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அந்த மலைக்கு வந்து ரோமன் எழுத்தில் மிசோ மொழிக்கு எழுத்துமுறை அமைத்தார்கள். அதுவரை அந்த மொழிக்கு எழுத்தே கிடையாது. அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய முழுச் சமூகமும் கிறிஸ்தவமானது. குலம் குலமாகப் பிரிந்து ஒருவர் தலையை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்த மக்களை ‘மிசோ’ என்ற ஒரே அடையாளத்தில் கட்டிய கயிறுகளில் பைபிளும் பள்ளிக்கூடமும் முக்கியமானவை. ஆக, தேசம் என்ற எண்ணம் பிறக்க மதம் இடம் கொடுத்தது உண்மை.

முன்னணியும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. ‘கடவுளுக்காக, நாட்டுக்காக’ என்பதுதான் அவர்கள் முழக்கம். எழுச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆபரேஷன் ஜெரிகோ’. தமிழ் பைபிளில் எரிகோ. எக்காளம் ஊதியதும் மதில் தானாக இடிந்து விழுந்த கதை. சுதந்திரப் பிரகடனத்தில் இந்திய அரசு கிறிஸ்தவத்தை நசுக்குகிறது என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

ஆனால் திருச்சபை? பிரெஸ்பிட்டேரியன் சபையும் பாப்டிஸ்ட் சபையும் ஆயுதப் போராட்டத்தை ஏற்கவில்லை. சமாதானக் குழு அமைத்து காட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்கள் போதகர்கள்தான். ஒரே பைபிளிலிருந்து ஒருவர் எரிகோவைப் பிடித்த யோசுவாவை எடுத்தார், இன்னொருவர் சமாதானம் பேசும் மலைப்பிரசங்கத்தை எடுத்தார். மதம் அங்கே காரணமாக இருந்ததைவிட மொழியாக இருந்தது என்றுதான் சொல்வேன். சண்டை போட்டவரும் சமாதானம் பேசியவரும் அதே மொழியில்தான் பேசினார்கள்.

1966 பிப்ரவரி 28 இரவு என்ன நடந்தது?

அய்சால், லுங்லெய், சம்ஃபாய் உட்பட பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். அய்சாலில் கருவூலத்தைக் கைப்பற்றினார்கள். சம்ஃபாயில் துணை ராணுவப் படையான அசாம் ரைபிள்ஸின் முகாம் வீழ்ந்து ஆயுதங்கள் பறிபோயின. மறுநாள் பிரகடனம். அய்சால் அசாம் ரைபிள்ஸ் முகாம் மட்டும் முற்றுகைக்குள் தாக்குப்பிடித்தது. இந்திரா காந்தி பிரதமராகி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கிழக்குப் பிராந்திய ராணுவத் தளபதியாக இருந்தவர், பின்னாளில் குன்னூர்க்காரராகவே ஆகிப்போன மானெக்‌ஷா.

சொந்த ஊர் மேலேயே விமானப்படை குண்டு போட்டது உண்மையா?

உண்மை. முகாமுக்கு ஹெலிகாப்டரில் ஆளும் தளவாடமும் இறக்கப் பார்த்தார்கள். கீழேயிருந்து சுட்டதால் முடியவில்லை. மார்ச் 5 அன்று போர் விமானங்கள் வந்தன. முதலில் துப்பாக்கிச் சூடு, பிறகு தீக்குண்டு. அய்சாலின் கடைவீதியும் அதை ஒட்டிய பல பேட்டைகளும் எரிந்தன. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காடுகளுக்கும் கிராமங்களுக்கும் ஓடினார்கள். அந்த நாளை இன்றும் அங்கே துக்கநாளாக நினைவுகூர்கிறார்கள்.

ஆட்களையும் பொருள்களையும் இறக்கத்தான் விமானம் அனுப்பினோம் என்றது அன்றைய டெல்லி. வெகுகாலம் இது மிசோரத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் பிரதமர் மோடி மக்களவையில் இதைக் குறிப்பிட்டபோதுதான் பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். அதுவும் காங்கிரஸை அடிக்கக் கிடைத்த ஒரு கம்பாக. 57 ஆண்டுகள் கழித்தும் அய்சால்காரர்களின் சேதம் அடுத்தவர் வாதத்துக்குத்தான் பயன்பட்டது.

அதைவிடப் பெரிய காயம் வேறொன்று என்கிறார்களே?

ஆம், ஊர்க் குவிப்பு. குண்டு விழுந்தது சில நாள். இது ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

மாத இறுதிக்குள் ராணுவம் நகரங்களை மீட்டுவிட்டது. போராளிகள் காட்டுக்குள் போனார்கள். காட்டில் இருப்பவனுக்கு ஊர்தான் சோறு போடும். அப்படியானால் ஊரையே எடுத்துவிடலாம் என்பது யோசனை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேயர் செய்த அதே வித்தை. 1967 ஜனவரியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் பிரதான சாலையோரம் 18 மையங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான மக்களை அங்கே கொண்டுவந்தார்கள். எல்லாக் கட்டங்களும் முடிந்தபோது 764 ஊர்களில் 516 ஊர்கள் காலியாகி, 110 மையங்களில் அடைபட்டிருந்தன. அரசு வைத்த பெயர் ‘பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமம்’.

எப்படிக் காலி செய்தார்கள்? டார்ஸோ என்ற ஊரில் நடந்ததை ஓர் அரசு அதிகாரி பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். தூக்கக் கூடியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தூக்க முடியாத நெல்லைப் போராளி கையில் சிக்காமல் எரிக்க உத்தரவு. வீடுகளுக்கு ஊர்க்காரர்களே தீ வைக்க வேண்டும். மறுத்தார்கள், பிறகு படைவீரர்களே வைத்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு காகிதம் நீட்டப்பட்டது: போராளிகளால் தொல்லை, நாங்களாகவே விரும்பி இடம் மாறுகிறோம், ஊரை நாங்களே எரித்தோம் என்று. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மையத்தில் வேலி, அடையாள அட்டை, இரவு ஊரடங்கு. இதன் கோளாறு விவசாயம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். அங்கே சாகுபடி என்றால் ஜூம் சாகுபடி. மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, விதைப்பது. காடு ஊரிலிருந்து பல மணி நேர நடையில் இருக்கும். அறுவடைக் காலத்தில் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். காலையில் கதவு திறந்தபின் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பி வர வேண்டும் என்றால் எந்தக் காட்டில் போய் என்ன விதைப்பது? சுற்றியிருந்த சரிவுகளையே திரும்பத் திரும்ப வெட்டினார்கள், மண் செத்தது. தன் நெல்லைத் தானே விளைவித்த குடியானவன் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றான். பஞ்சத்தில் தொடங்கிய கதை மறுபடி பஞ்சத்துக்கே வந்தது, இந்த முறை எலி இல்லாமல்.

பாகிஸ்தான்தானே ஆயுதம் கொடுத்தது?

கொடுத்தது. கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங் மலைப்பகுதியில் முகாம், பயிற்சி, ஆயுதம் எல்லாம் இருந்தன. 1971இல் வங்கதேசம் பிறந்ததும் அந்தத் தளம் ஒரே மாதத்தில் போயிற்று. போராளிகள் பர்மாவின் அரக்கான் காடுகளுக்குச் சிதறினார்கள், லால்டெங்கா பாகிஸ்தானுக்குப் போனார். ஆனால் வெளியார் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், 1971க்குப் பிறகு இயக்கம் அணைந்திருக்க வேண்டும். இன்னும் பதினைந்து ஆண்டு ஓடியதே.

ஒப்பந்தத்துக்கு ஏன் இருபது ஆண்டு ஆனது?

முறுக்கிக்கொண்டு போவதும் திரும்பி வருவதுமாக இழுத்தது. 1972இல் மிசோரம் யூனியன் பிரதேசம் ஆனது. 1975 ஜனவரியில் அய்சாலில் காவல்துறைத் தலைமையகத்துக்குள்ளேயே புகுந்து மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஐரோப்பாவில் இந்திய உளவுத்துறையோடு லால்டெங்கா ரகசியமாகப் பேசவும் தொடங்கினார். 1976 ஜூலை 1 அன்று, அரசியல் சட்டத்துக்குள்ளேயே தீர்வு என்று ஓர் உடன்பாடு வந்து, முறிந்தது. 1980இல் போர்நிறுத்தம், 1982இல் பேச்சு முறிந்து அவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார்.

1984 அக்டோபர் கடைசியில் மறுபடி டெல்லி வந்தார். இந்திரா காந்தியைச் சந்திக்க அவருக்குக் கிடைத்திருந்த தேதி அக்டோபர் 31. அன்று காலையில்தான் பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்டார். விட்ட இடத்திலிருந்து ராஜீவ் காந்தி தொடர்ந்தார்.

1986 ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

முன்னணி ஆயுதத்தைக் கீழே வைக்கும், தனிநாடு கோரிக்கையைக் கைவிடும். பதிலுக்கு மிசோரம் முழு மாநிலம் ஆகும். மத, சமூக வழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம், நில உடைமை ஆகியவற்றில் மாநிலச் சட்டமன்றம் ஏற்றால் ஒழிய நாடாளுமன்றச் சட்டம் அங்கே செல்லாது. இதுதான் அரசியல் சட்டத்தின் 371ஜி பிரிவு. மணிப்பூர், அசாமில் உள்ள தம் இனத்தவர் பகுதிகளையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அது மட்டும் கிடைக்கவில்லை.

காகிதத்தில் இருந்ததைவிட, அதை நடத்திக் காட்டிய விதம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அப்போது முதலமைச்சராக இருந்த காங்கிரஸ்காரர் லால்தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கி, அதில் லால்டெங்காவை உட்கார வைத்துவிட்டு, தான் துணை முதலமைச்சரானார். பதவியிலிருப்பவர் தானே எழுந்து எதிரிக்கு இடம் கொடுத்ததை நம் அரசியலில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் இந்தியாவின் 23ஆவது மாநிலம் ஆனது. அந்த மாதத் தேர்தலில் முன்னணிக்கு 40இல் 24 இடம். அடுத்த ஆண்டே கட்சித் தாவலில் ஆட்சி கவிழ்ந்தது. காட்டில் இருபது ஆண்டு நின்றவர் கோட்டையில் இரண்டு ஆண்டுதான் நின்றார். ஆனால் ஆட்சி போன கோபத்தில் அவர் மறுபடி காட்டுக்குப் போகவில்லை. ஒப்பந்தம் உறுதியானது அன்றுதான். 1990இல் லண்டனில் இறந்தார்.

நாகாலாந்தில் முடியாதது இங்கே எப்படி முடிந்தது?

நாகர்களிடம் பல பழங்குடிகள், பல மொழிகள். 1975 ஷில்லாங் ஒப்பந்தத்தை ஒரு பகுதியினர் ஏற்க, மறுத்தவர்கள் தனி அமைப்பு கண்டார்கள், அதுவும் பிளந்தது. மிசோக்களிடம் பேசுவதற்கு ஒரே இயக்கம், ஒரே தலைவர், எல்லோருக்கும் புரியும் ஒரே மொழி இருந்தன. அதற்கு மேலே, ஊருக்கு ஊர் சபையும் இளம் மிசோ சங்கமும் இருந்து ‘போதும்’ என்று இரு தரப்பிடமும் சொல்லிக்கொண்டே இருந்தன.

திராவிட நாடு கோரிக்கையோடு ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. இரண்டிலும் மொழி உண்டு, டெல்லி மீதான மனக்குறை உண்டு. ஆனால் தி.மு.க. தேர்தலையும் மேடையையும் நம்பியது. 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் பிரிவினை கோருவதைத் தடுக்கும் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். நான்கே ஆண்டில் கோட்டையில் இருந்தார். அவருக்கு ஐம்பது இடம் கொடுக்கக்கூடிய சட்டமன்றம் சென்னையில் இருந்தது. அசாம் சட்டமன்றத்தில் மிசோக்களுக்கு இருந்தது மூன்று இடம். ஓட்டை வைத்துக்கொண்டு அவர்கள் யாரை மிரட்டியிருக்க முடியும்?

மிசோரத்துக்குள் இருக்கும் சிறுபான்மையினர் கதி?

தனக்கு நியாயம் கேட்டவர் அடுத்தவருக்குக் கொடுத்தாரா என்ற இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. ப்ரூ என்ற பழங்குடி மக்கள் தமக்குத் தன்னாட்சி கவுன்சில் கேட்டார்கள். 1997 கலவரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரூக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். முகாமிலேயே 20 ஆண்டுக்கு மேல் கழித்தபின், 2020 ஜனவரி ஒப்பந்தப்படி திரிபுராவிலேயே குடியமர்த்தப்பட்டார்கள். ஹ்மார் மக்களும் 1980களின் கடைசியில் ஆயுதம் எடுத்தார்கள், 1994இல் உடன்பாடு வந்தது. பௌத்தரான சக்மாக்களுக்கு 1972 முதல் கவுன்சில் உண்டு. அதைக் கலைக்க வேண்டும் என்ற குரலும் கூடவே உண்டு.

இப்போது அங்கே தனிநாடு கேட்கிறார்களா?

இல்லை. எல்லைக்கு அப்பாலுள்ள சொந்தக்காரர்கள் மீதான பாசம் மட்டும் குறையவில்லை. 2021 மியான்மர் ராணுவப் புரட்சிக்குப் பின் வந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சின் மக்களை, டெல்லி தயங்கியபோதும், மிசோக்கள் தம் வீட்டிலும் சபையிலும் வைத்துச் சோறு போட்டார்கள்.

சுற்றுலா போகலாமா?

போகலாம். வெளிமாநிலத்தவர் உள்ளே நுழைவதற்கான ‘இன்னர் லைன் பெர்மிட்’ என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அய்சாலில் இறங்காதீர்கள், டீக்கடைகூடத் திறந்திருக்காது.

மூங்கில் மறுபடி பூத்ததா?

2006-08இல் பூத்தது, சொல்லிவைத்தாற்போல. இந்த முறை அரசு முன்கூட்டியே திட்டம் போட்டது, எலி வாலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கியது, மத்திய நிதியும் வந்தது. அப்போது முதலமைச்சர் சோரம்தங்கா. லால்டெங்காவின் செயலாளராகக் காட்டில் இருந்தவர், பஞ்சத்தில் பிறந்த அதே முன்னணியின் தலைவர். எலி வயலில் இறங்கியபின் நிவாரணம் சரியாக வந்து சேரவில்லை, நிதி எங்கே போனது என்று ஊர்கள் கேட்டன. 2008 டிசம்பர் தேர்தலில் மிசோ தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 40இல் 3 இடம்.